பாக் விரிகுடாவில் கயாக்: ஆறு மணிக்கே கடலில் இறக்கச் சொல்லுங்கள்

ஜூன் முதல் வாரம் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே ஒரு கடலோர ஊரில் நானும் தங்கையும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டிவிட்டு வந்தோம். ஒருவருக்கு 1,800 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. கொடுத்த காசுக்குக் குறையில்லை, மறுபடியும் போவேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம் என்று போனில் சொன்னார்கள். ஐந்தே முக்காலுக்கே போய் நின்றோம். வெளியூரிலிருந்து வரவேண்டிய ஒரு குழுவுக்காக எங்களை உட்காரவைத்து, ஏழே காலுக்குத்தான் தண்ணீரில் இறக்கினார்கள். ஒன்றேகால் மணி நேரம்தானே என்று தோன்றும். இந்தக் கரையில் அது பாதி நாள் போனதற்குச் சமம்.

பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரம் பக்கத்தில் சொல்வார்கள். இந்த மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை கரையில் வந்து மோதும். நாங்கள் போன பாக் விரிகுடாப் பக்கம் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது, ஏனென்றால் அலையே இல்லை என்று நம்பி உள்ளே போய்க்கொண்டே இருப்போம், காற்று முதுகில் தள்ளிக்கொண்டே போகும், திரும்பும்போதுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது தெரியும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தம்பி மீனவர் வீட்டுப் பிள்ளை. கரையிலேயே கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். "கைய மட்டும் போடாதீங்க அக்கா, இடுப்பத் திருப்புங்க, இல்லைன்னா அரை மணி நேரத்துல தோள் போயிரும்." இருவர் ஓட்டும் கயாக்கில் முன்னால் இருப்பவரின் வேகத்துக்கு ஏற்ப பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும், திசை பார்ப்பது பின்னால் இருப்பவர் வேலை. இது பிடிபடும் வரை எங்கள் துடுப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருந்தன. லைஃப் ஜாக்கெட் வார்களை ஒவ்வொருவருக்கும் அவரே இழுத்துப் பார்த்தார்.

அப்புறம் அந்தத் தண்ணீர். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுதான், அடி வரை கண்ணாடி போலத் தெரிகிறது. கடல்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது, நடுவில் வெள்ளை மணல் திட்டு, அதில் கறுப்பாக ஒரு கடல் அட்டை. தங்கை கையை நீட்டினாள். "தொடாதீங்க அக்கா." 2001 முதல் அதைப் பிடிப்பது குற்றம். கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். இதே விரிகுடாவில் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். எங்கள் கண்ணில் கடற்பசு படவில்லை. பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் வரிசையாக மிதந்தன, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று இரண்டு அக்காமார் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுச் சத்தம் துளியும் இல்லை. துடுப்பிலிருந்து சொட்டும் நீர்கூடக் காதில் விழுந்தது.

தெப்பங்களைத் தாண்டி ஒரு மணல் திட்டு வரை போவதாகத்தான் பேச்சு. பத்து மணிக்கு முன்பே அந்தத் தம்பி துடுப்பை நிறுத்தி, "கச்சான் எழும்புது, திரும்பிருவோம்" என்றார். கச்சான் என்பது இந்தத் தென்மேற்குக் காற்றுதான். மதுரைக்காரர் ஒருவர் இன்னும் கொஞ்சம் போகலாமே என்று கெஞ்சியும் அவர் மசியவில்லை. அவர் சொன்னதுதான் சரி. போகும்போது இருபது நிமிடத்தில் கடந்த தூரத்தைத் திரும்பும்போது கடக்க ஒரு மணி நேரம் ஆனது, கை எரிந்தது. ஆறு மணிக்கு இறக்கியிருந்தால் அந்தத் திட்டில் கால் வைத்திருப்போம்.

பெண்களுக்குத் தனி உடை மாற்றும் அறை, நல்ல தண்ணீரில் குளியல், இரண்டும் சுத்தமாக இருந்தன. விளமீன் குழம்பு அருமை. தண்ணீர் புகாத பை என்று கொடுத்ததில் தண்ணீர் புகுந்தது, போனைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று இந்தக் கரையில் நேராக அடிக்கும், அப்போது வேண்டாம்.

செப்டம்பரில் மறுபடி போகிறோம். முந்தின இரவே அந்த ஊரில் தங்கி, எங்கள் இருவருக்கு மட்டும் தனியாக ஆறு மணிக்கு இறக்குவதாக இருந்தால்தான் முன்பணம் என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள்.