விசிறிக் குழாயில் லேசர் மீத்தேன் மானி: எட்டு மாத அனுபவம்

எங்கள் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து காற்று வெளியேறும் விசிறிக் குழாயில், லேசர் மீத்தேன் மானியும், ஒலி அலைகளால் காற்றின் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் காற்றோட்ட மானியும் இணைந்த தொகுப்பைப் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. மீத்தேன் உமிழ்வைக் கணக்கிட, சுரங்கத்துக்குள்ளே ஏற்கெனவே மாட்டியிருக்கும் பாதுகாப்புக் கருவிகளே போதும் என்று எங்களில் சிலர் வாதிட்டனர். போதாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது வெடிக்கக்கூடியது என்பதால், அந்த எல்லையை நெருங்குமுன் எச்சரிப்பதே அவற்றின் வேலை. வெளியேறும் காற்றிலோ அது பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 0.3 விழுக்காட்டை அளக்கும் கருவி 0.1 பிசகினால் பாதுகாப்புக்குக் கேடில்லை. உமிழ்வுக் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குப் பிழை.

லேசர் மானி இந்தக் குறையை உண்மையிலேயே தீர்க்கிறது. மீத்தேன் நன்கு உறிஞ்சும் 1.65 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய ஒளியைக் குழாயின் குறுக்கே செலுத்துவதால், ஏதோ ஓர் இடத்து அளவாக அன்றி ஒளி கடக்கும் பாதை முழுவதற்குமான சராசரி கிடைக்கிறது. மாதந்தோறும் செறிவு தெரிந்த வாயுவைக் கொண்டு சரிபார்த்ததில் சொல்லும்படியான விலகல் இல்லை. தொல்லை கண்ணாடியில்தான். ஈரமும் நிலக்கரித் தூசியும் குழைந்து மைபோல் அப்பிக்கொள்கின்றன. துடைக்கும் துணியை மறுமுறை பயன்படுத்த முடிவதில்லை. காற்றை ஊதிக் கண்ணாடியைக் காக்கும் அமைப்பைத் தனி விலைக்கு விற்பது நியாயமாகப் படவில்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது தொகுப்பின் மற்றப் பாதியான காற்றோட்ட மானியை. நொடிக்கு 200 கனமீட்டர் காற்றில் 0.4 விழுக்காடு மீத்தேன் இருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 டன் வெளியேறுகிறது. காற்றின் அளவு பத்தில் ஒரு பங்கு தவறினால், லேசர் எத்தனை துல்லியமாக இருந்தாலும் நான்கரை டன் தவறும். நிறுவ வந்தவர்கள் காற்றோட்ட மானியைக் குழாயின் வளைவை அடுத்து, காற்று சுழன்று வரும் இடத்தில் வைத்துவிட்டார்கள். குறுக்குவெட்டு முழுவதும் புள்ளி புள்ளியாக, அழுத்த வேறுபாட்டைக் கொண்டு காற்றின் வேகத்தை அறியும் பிட்டோ குழாயால் நாங்களே அளந்து, அந்த முடிவுகளைக் காட்டிய பிறகுதான் நேரான பகுதிக்கு மாற்றினார்கள். குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டாவது ஒலிப்பாதையையும் கேட்டே பெற வேண்டியிருந்தது.

மென்பொருளிலும் ஒரு பிழை இருந்தது. 28 டிகிரி செல்சியஸில் வெளிவரும் காற்றின் கன அளவை, 0 டிகிரிக்கு உரிய மீத்தேன் அடர்த்தியால் அது பெருக்கிக்கொண்டிருந்தது. விடை பத்து விழுக்காடு கூடிவிடும். அமைப்புகளில் ஒரே எண்ணை மாற்றினால் சரியாகிவிடுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆயினும் தொடர் பதிவின் அருமையை வளிமண்டல அழுத்தம் இறங்கிய நாட்களில்தான் உணர்ந்தோம். நிலக்கரி எடுத்து முடித்து இடியவிட்ட பகுதிகளில் தேங்கிய வாயு அப்போது வெளியே இழுக்கப்படுவதால், வரைகோடு சில மணி நேரத்துக்குள் ஏறி, அழுத்தம் மீண்டதும் தணிந்தது. எப்போதோ ஒருமுறை பையில் பிடிக்கும் மாதிரியில் இந்த ஏற்றம் அகப்படுவது தற்செயலே.

வடிகுழாய்கள் வழியே பம்பு கொண்டு உறிஞ்சப்படும் வாயு இந்தத் தொகுப்பின் கணக்கில் சேராது. அதற்குத் தனி மானி வேண்டும். காற்று வெளியேறும் இரண்டாவது செங்குத்து வழிக்கும் இதே லேசரைக் கேட்டிருக்கிறோம். காற்றோட்ட மானிக்கு மட்டும், பிட்டோ அளவீட்டோடு ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே பணம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.