லெவெடிராசெட்டம்: வலிப்பை நிறுத்திய மாத்திரையும் என் கோபமும்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “தம்பிக்கு லெவெடிராசெட்டம் 500 எழுதியிருக்கிறார்கள். நீ பல வருஷமாகச் சாப்பிடுகிறாயே, நல்ல மருந்தா?” எந்த வேளைக்கு எத்தனை, எதற்காக என்பதையெல்லாம் மருத்துவர் அவர்களிடம் சொல்லியிருப்பார். நான் சொல்ல வந்தது, மருத்துவர் சீட்டை எழுதி முடித்து நீட்டும்போது போகிற போக்கில் சொல்லும் ஒரு வரியைப் பற்றி. “கொஞ்சம் எரிச்சல் வரலாம்” என்பார். அந்தக் “கொஞ்சம்” என் வீட்டில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபம் வந்துவிட்டால் விட்டுப்போகும்.

வலிப்பு நின்றிருக்கிறது. காலையும் இரவும் 500 என்று தொடங்கி 750-க்கு ஏற்றும் வரை எட்டிப்பார்த்தது. அதற்குப் பிறகு வரவில்லை. முன்பு நான் சாப்பிட்டது ஃபெனிடாய்ன். 1938-இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இருவர் வலிப்புக்குப் பயன்படும் என்று காட்டிய மருந்து. இன்றும் எத்தனையோ பேரை அதுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதனோடு குடித்தனம் நடத்துவது கடினம். ஈறு வளர்ந்து பல்லின்மேல் ஏறும். அளவைச் சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் அது தாவி ஏறிவிடும். கண் ஆடும், நடை தள்ளாடும். கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டுக் கூடச் சாப்பிடும் வேறு மருந்துகளையும் சீக்கிரம் கரைத்துவிடும்.

லெவெடிராசெட்டம் இந்த வம்பு எதற்கும் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரலுக்கு அதிக வேலை இல்லை, மற்ற மருந்துகளோடு சண்டையும் குறைவு. சோற்றுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு நாளில் இரத்தத்தில் நிலையான அளவுக்கு வந்துவிடும். சிறுநீரகம் பழுதாக இருப்பவர்களுக்கு மட்டும், அதன் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனையைப் பார்த்து அளவைக் குறைப்பார்கள். பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனம் உருவாக்கியது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வலிப்பு மருந்துகளைச் சலித்தெடுக்க எலிகளிடம் வழக்கமாகச் செய்யும் இரண்டு சோதனைகளிலும் இது தேறவில்லை என்பதும், மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதை 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள் என்பதும் எனக்குப் பிடித்த செய்திகள். பரீட்சையில் தேறாத பிள்ளை குடும்பத்தைத் தாங்குவது நமக்குப் புதிதல்ல.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் முன்பும் எரிச்சல்படுவேன், தொழிலே அதுதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. பார்ப்பேன், முகம் சுளிப்பேன், இரண்டாவது தடவையும் அதே பிழை வந்தால் குரல் உயரும். இந்த மாத்திரைக்குப் பிறகு படிக்கட்டைக் காணவில்லை. கோபம் ஏறி வருவதில்லை. எப்போதோ வந்து மேலே நின்றுகொண்டிருக்கிறது. மிக்ஸி ஓடும் சத்தம், பாத்திரத்தை மூடாமல் வைத்த மூடி, ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கும் பையன், எதுவும் போதும். கத்தி முடித்த பிறகுதான் கத்தினேன் என்பதே தெரிகிறது.

மருந்தின் விவரக் குறிப்பிலேயே இது இருக்கிறது. சோதனைகளில் இந்த மருந்தைச் சாப்பிட்ட பெரியவர்களில் 13 சதவீதம் பேருக்கு எரிச்சல், பதற்றம், ஆத்திரம் போன்ற மாற்றங்கள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 6 சதவீதம். நான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 38, 19. இந்த இரண்டாவது எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. மருந்தே இல்லாத மாத்திரையைத் தின்றுவிட்டும் பத்தொன்பது சதவீதம் பிள்ளைகள் எரிந்து விழுந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது காரணம் கேட்டிருப்பார்களா?

ஏனென்றால் என் உண்மையான குறை கோபம் வருவது அல்ல. கோபப்படும் உரிமை போனதுதான். வீட்டு வாடகையை ஒப்பந்தத்துக்கு மாறாக உயர்த்தினார்கள், பேசினேன். “மாத்திரை போட்டீங்களா?” என்று மனைவி கேட்டாள். தண்ணீர் லாரிக்குப் பணம் வாங்கிக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைக்காமல் போனார்கள். தெருவில் நின்று கேட்டேன். உள்ளே வந்ததும் மோர் கொடுத்து, “டாக்டர்கிட்ட சொல்லணும்” என்றாள். தண்ணீர் லாரிக்காரனைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊரில் எல்லாருடைய கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. என் கோபத்துக்கு மட்டும் மில்லிகிராம் இருக்கிறது.

இதைத் தீர்த்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மாத்திரை போட்ட நேரம், கோபம் வந்த நேரம், காரணம். காலை எட்டரை மாத்திரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சிக்குப் போகிறது. என் சண்டைகளில் பெரும்பாலானவை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் நடந்திருந்தன. மருத்துவர் அதைக் கவனமாகப் பார்த்தார். ஆனால் அச்சகத்துக்குள் நான் நுழைவதும் அந்த நேரத்தில்தான் என்பதை அந்த நோட்டு சொல்லாது. எது எப்படியோ, ஒன்பதரை மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதை விட்டுவிட்டேன். நட்பு வட்டம் சிதையாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் எரிச்சல் குறையும் என்று சில மருத்துவர்கள் முயன்று பார்ப்பார்கள். ஆதாரம் அவ்வளவு உறுதியானதில்லை. அளவுக்கு மீறி நீண்ட நாள் சாப்பிட்டால் நரம்பையே கெடுக்கும் என்பதால் அதையும் அவர்கள் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டில் தெரிகிறது என்கிறார்கள். இதிலும் என் சாட்சியம் எடுபடவில்லை.

வேடிக்கையை நிறுத்திவிட்டுத் தம்பிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எரிச்சல் வேறு, மனம் இருண்டுபோவது வேறு. வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, தற்கொலை எண்ணம் சற்றே கூடலாம் என்று 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 0.43 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.22. எண் சிறியதுதான். ஆனாலும் தம்பி பேசுவதைக் குறைத்தால், தூக்கம் போனால், வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, நெறி கட்டுதல் வந்தாலும் அப்படியே. அபூர்வம்தான், ஆனால் உறுப்புகளையே தாக்கும் அந்த ஒவ்வாமை பற்றி 2023 நவம்பரில் தனி எச்சரிக்கையே வந்திருக்கிறது.

எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவது என்றால் மருத்துவர் படிப்படியாக இறக்குவார். திடீரென்று விட்டால், அடங்கிக் கிடந்த வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் நினைவு திரும்பாமல் வரலாம். அது உயிர் போகிற விஷயம். “இரண்டு வருஷமாக வரவில்லையே, இன்னும் எதற்கு மாத்திரை?” என்று கேட்கும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். வராததற்குக் காரணம் மாத்திரை என்பதை அவருக்கு விளக்க முயலும்போதுதான் எனக்கு மறுபடி கோபம் வருகிறது. ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. இரவுப் பயணத்தில் மாத்திரை சட்டைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸின் அடியில் போன பெட்டியில் அல்ல. தூக்கம் கெடுவதே வலிப்பை அழைக்கும்; மாத்திரையும் இல்லாமல் போனால் கேட்கவே வேண்டாம்.

மருந்துக் கடையில் கண் வேண்டும். “அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற” என்று வேறு அட்டையைத் தருவார்கள். இந்த மருந்தில் கம்பெனி மாறுவது பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை; ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. லெவோஃப்ளாக்சசின், லெவோசெட்ரிசின், லெவெடிராசெட்டம் எல்லாம் ஒரே “லெவ”வில் தொடங்கி ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதில் லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை. டிரமடால் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான். காய்ச்சலுக்கோ மூட்டு வலிக்கோ யாரிடம் போனாலும் “எனக்கு வலிப்பு உண்டு” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிப் பழக வேண்டும். நம் ஊரில் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். 1999-இல் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தே வலிப்பை எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பேச்சிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வைத்தியம் தெரிந்ததுதான். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். பேர் சாவிக்குப் போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வண்டி ஓட்டுவதைப் பற்றித் தம்பி கேட்பான். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தின் முதல் கேள்வியே வலிப்பைப் பற்றியதுதான். நான் ஓட்டுவதில்லை. பஸ்ஸில் போகிறேன், சில்லறைக்காக நடத்துநரோடு சண்டை போடுகிறேன்.

ஆக, தம்பி சாப்பிடட்டும். முதல் நான்கு வாரம் தூக்கமாகவும் சோர்வாகவும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். கோபம் எல்லாருக்கும் வருவதில்லை. 13 என்பது மீதி 87 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மாத்திரையை மென்றால் நாக்கு முழுக்கக் கசப்பு; முழுசாக விழுங்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் பெண் பிள்ளைக்கு எழுதியிருந்தால் இன்னும் பலமாகப் பரிந்துரைத்திருப்பேன். கருவுக்குப் பெருங்கேடு செய்யக்கூடிய சோடியம் வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

எனக்கு மட்டும் வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முறையில்லைதான். ஆனால் இன்று காலை பையன் கணக்கு நோட்டை என்னிடம் காட்டாமல் அம்மாவிடம் கொண்டுபோனான், கணக்கில் என்னைவிட மோசமானவளிடம். மூளையில் இதே இடத்தில் ஒட்டி வேலை செய்யும் பிரிவராசெட்டம் என்று இளைய மருந்து ஒன்று 2016-இல் வந்திருக்கிறது. கோபம் தாங்காதவர்கள் சிலருக்கு அதற்கு மாற்றிக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதில் பயனில்லை, இதை எடுத்துவிட்டு அதைக் கொடுப்பார்கள். வரும் வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் கேட்கப்போகிறேன். இதைச் சொன்னபோது மனைவி, “இப்போ பேசுறது நீங்களா, மாத்திரையா?” என்றாள். வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நோட்டுப் புத்தகத்தை அவளே எடுத்து வைத்திருக்கிறாள்.