அம்மாவின் பழைய பட்டு: பாவாடையா, சுடிதாரா, பையா, ஜரிகைக்குப் போட்டுவிடலாமா?

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய பட்டுப்புடவையை நாம் கட்டுவதும் இல்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பு மாற்றி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறோம். எங்கள் வீட்டில் அப்படி மூன்று இருந்தன. அம்மாவின் கல்யாணப் புடவை ஒன்று: 1984-இல் காஞ்சிபுரத்தில் எடுத்தது, அரக்கில் மஞ்சள் கரை. சித்தி கொடுத்த ஊதா ஒன்று. யாருடையது என்று யாருக்கும் நினைவில்லாத பச்சை ஒன்று. மூன்றையும் மூன்று விதமாகத் தைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றில் நன்றாகவே ஏமாந்தேன்.

ஏமாந்த கதையைச் சொல்லும் முன் ஒரு சோதனை. என்ன தைக்கலாம் என்று போனில் படம் தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். புடவையை முழுசாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்பு விழுந்த கோடுகளைப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு வரிசையாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே இழை விட்டுப்போய்விட்டது. பிறகு இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே ஓர் அங்குலத் துணியைப் பிடித்து, பாவு வாட்டத்தில் (நீளவாக்கில்) ஒருமுறை, ஊடை வாட்டத்தில் (குறுக்குவாக்கில்) ஒருமுறை லேசாக இழுங்கள். நல்ல பட்டு விறைப்பாக எதிர்த்து நிற்கும். போன பட்டு சத்தமே இல்லாமல் விலகும். வெயில், வியர்வை, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடிப்பு, இவை மூன்றும்தான் பட்டுக்கு எதிரி. ஜரிகை உலோகம் என்பதால், அது கனமாக ஓடுகிற இடத்தில் மடிப்பு விழுந்தால் பக்கத்துப் பட்டிழை சீக்கிரம் அறுந்துபோகும்.

சரி, பச்சைப் புடவைக்கு வருகிறேன். அதை எனக்கு அனார்கலியாகத் தைத்துக்கொண்டேன். எல்லோரும் முதலில் நினைப்பதும் அதுதான். போட்டு நின்றபோது அழகாகத்தான் இருந்தது. உறவில் ஒரு காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு போய், அழுகிற பிள்ளையைக் குனிந்து தூக்கினேன். முதுகில், கை இணைகிற இடத்துக்கு ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. மீதி விசேஷம் முழுக்க துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தையல்காரரிடம் கொண்டுபோனால், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தையல் பிரியலையேம்மா, துணில்ல போயிருக்கு” என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. தையல் நூல் அப்படியே இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் பட்டிழைகள் வழுக்கி விலகியிருந்தன. புடவையாக இருந்தவரை அந்தத் துணியை எங்கேயும் யாரும் இழுத்துப் பிடித்ததில்லை. சும்மா சுற்றி நின்றது. சுடிதார் ஆக்கினால் அக்குளிலும் முதுகிலும் ஒவ்வோர் அசைவுக்கும் இழுபடுகிறது. முப்பது வருஷம் வேறு வேலை பார்த்த துணி அது.

இன்னொரு கொடுமை, அனார்கலிக்குத் துண்டு துண்டாக வெட்டும்போது உடலில் இருக்கிற மாங்காய் புட்டாக்கள் பாதி நிமிர்ந்தும் பாதி தலைகீழாகவும் வந்து நின்றன. வெட்டும் முன் யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

சுடிதார்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு: முன்பே நனைத்துக் காயவைத்த காட்டன் லைனிங்கைப் பட்டோடு சேர்த்து ஒரே துணி போல வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். லைனிங் தனியாகத் தொங்கினால் பயன் இல்லை. அளவுக்கு மேல் இரண்டு அங்குலம் தளர்வு வேண்டும். மெல்லிய ஊசி, 11-ஆம் நம்பர். பட்டில் ஒருமுறை விழுந்த ஊசித் துளை மூடாது, ஆகவே தைத்துப் பார்த்துப் பிரிக்கலாம் என்பதெல்லாம் நடக்காது. எல்லாவற்றையும் விட நல்லது, மார்புப் பகுதியும் கையும் புதுத் துணியில், கீழ்ப்பகுதி மட்டும் பழைய பட்டில். அப்படிச் செய்தால் அது கிட்டத்தட்ட பாவாடைதான்.

அந்தப் பாவாடைக்குத்தான் என் ஓட்டு. அம்மாவின் அரக்குப் புடவையை அக்கா மகள்கள் இருவருக்கும் பாவாடையாக்கினோம். கணக்கைக் கேளுங்கள். புடவை அகலம் கரையோடு சேர்த்து 46 அங்குலம். ஆறு வயதுப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம் வந்தது. அதோடு மூன்று டக் பிடிக்க, அதாவது பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுகிற மடிப்புத் தையலுக்கு, 6 அங்குலம். ஆக, கரையிலிருந்து அளந்து 32-இல் வெட்டினால் போதும். புடவையின் நீளமே பாவாடையின் சுற்றளவு ஆகிவிடுகிறது. கரை ஒட்டே இல்லாமல் சுற்றி வருகிறது. ஐந்தரை மீட்டரில் முந்தானைக்கு ஒரு மீட்டர் போனால் மீதி நாலரை. ஆளுக்கு இரண்டேகால் மீட்டர் கொசுவத்துக்குத் தாராளம். மேலே மிஞ்சிய 14 அங்குலப் பட்டையில் இன்னொரு கரை முழுசாக இருக்கிறது. அதிலிருந்து சட்டைக் கைகளுக்குக் கரை எடுத்துக்கொண்டோம். சட்டையின் உடலுக்கு மட்டும் புதுத் துணி, காரணம் மேலே சொன்ன முதுகுக் கிழிசல்தான்.

பாவாடை ஏன் கிழியவில்லை என்றால், அதை யாரும் இழுப்பதில்லை. அதுவும் பாடி (இடுப்புக்கு மேலே கையில்லாத உள்சட்டை) வைத்துத் தைத்தால், கனம் முழுவதும் காட்டன் பாடி வழியாகத் தோளில் இறங்கிவிடும். பட்டுக்கு வேலையே தொங்குவது மட்டும்தான். கவனிக்க வேண்டியது இரண்டு. கோர்வைப் புடவையானால், அதாவது கரையையும் உடலையும் தனித்தனி ஊடையில் நெய்து கோர்த்ததானால், கரையும் உடலும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அது விட்டிருந்தால் முதலில் உள்பக்கம் மெல்லிய துணி கொடுத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், ஃபால்ஸைப் பிரித்த இடத்தில் நிறம் அடர்த்தியாக இருக்கும், மற்ற இடத்தில் வெளுத்திருக்கும். எந்தக் கரை கீழே வர வேண்டும் என்று முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஃபால்ஸ் இல்லாத கரையைத்தான் கீழே வைத்தோம்.

சித்தியின் ஊதாப் புடவை சோதனையிலேயே தோற்றது. மடிப்புக்கு மடிப்பு வெட்டு. இந்த நிலையில் இருப்பதைப் பைகளாக்குவதுதான் வழி. ஒட்டும் கேன்வாஸை இஸ்திரி போட்டுப் பின்பக்கம் ஒட்டிவிட்டால் விரிசல்கூட நின்றுவிடுகிறது. எட்டுக்குப் பத்து அங்குலத் தாம்பூலப் பை ஒன்றுக்கு 9-க்கு 22 அங்குலத் துண்டு வேண்டும். காகிதக் கணக்கில் ஒரு புடவைக்கு 45 பை வரும். கிழிசலை ஒதுக்கியபின் எனக்கு வந்தவை 28. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு கொடுத்தோம். உள்ளே லைனிங் வைக்க மறக்காதீர்கள், ஈரத் தேங்காயைப் போட்டால் பட்டில் கறை நிச்சயம். பை தைப்பதில் ஒரே குறை அலுப்பு. முதல் ஐந்தைக் கொஞ்சிக் கொஞ்சித் தைப்போம், பதினைந்தாவதில் இருந்து பீஸ் ரேட் வேலை. சித்தியும் கொலுவுக்கு வந்திருந்தார். தன் புடவை தெருவில் பாதிப் பேர் கையில் போவதைப் பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டு எடுத்து வை” என்று மட்டும் சொன்னார்.

ஜரிகைக்கு விற்பதைக் கேவலமாகப் பேச மாட்டேன். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம். தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, விலை போவது வெள்ளிக்காக. வாங்குபவர் உரசிப் பார்ப்பார். மேல்பூச்சு போனபின் வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி, செம்பாகத் தெரிந்தால் டெஸ்டட் ஜரிகை, அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வாங்கியதை எரித்துத்தான் வெள்ளியைப் பிரிக்கிறார்கள். அது தெரிந்து கொடுக்க மனசு வந்தால் கொடுக்கலாம். உடல் முழுக்கப் போய், கரை மட்டும் கெட்டியாக நிற்கிற புடவைக்கு இது நியாயமான வழி. எவர்சில்வர் தூக்குக்காக அசல் ஜரிகையைப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பருத்திப் புடவைக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. சுங்குடியும் கண்டாங்கியும் துவைக்கத் துவைக்கத்தான் பதமாகும். அதில் குர்த்தா தைக்கத் தயங்க வேண்டாம். பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் சுற்றாமல் பழைய பருத்தியில் சுற்றுவதும், தூளிக்கு பாட்டி புடவையைத் தேடுவதும் அந்தப் பதத்துக்காகத்தான். நைந்தவற்றை அடுக்கி விரிப்பாக்கலாம். வங்காளத்தில் காந்தா என்று இதைச் செய்கிறார்கள். கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போடுவது அங்கே பழைய வழக்கம். நம் வெயிலுக்கு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். பாலியெஸ்டர் புடவையில் நான் கடைக்குப் போகிற பை மட்டும்தான் தைப்பேன். உடம்பில் போட்டால் வேகும், ஆனால் பத்துக் கிலோ அரிசி தாங்கும்.

அம்மாவின் புடவையில் கத்தரி வைத்த அன்று அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இந்த ஆடியில் பெரியவளுக்குப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கீழ் டக்கை அம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிரித்தாள். டக்குக்குள் இரண்டு வருஷம் வெளிச்சம் படாமல் இருந்த துணி, பாவாடையைச் சுற்றி ஒரு அடர் அரக்குக் கோடாகத் தெரிகிறது. அந்த இடத்தை மறைக்க லேஸ் வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், எடுத்தபோது இந்த நிறம்தான் இருந்தது என்றாள்.