குருவிக்கூடு மரப்பெட்டி - ரெண்டு வசந்தம் பாத்துட்டு எழுதுறேன்

போன வருஷம் வசந்தம் தொடங்குறதுக்கு முன்னாடியே வாங்கி தோட்டத்து சுவர்ல மாட்டினேன், அந்த சீசன் முழுக்க ஒரு குருவி கூட எட்டிப் பாக்கல, ரொம்ப வருத்தமா இருந்துச்சு. இந்த வருஷம் ஒரு சிட்டுக்குருவி ஜோடி வந்து புல்லு, இறகு, நூல்னு தூக்கிட்டு வந்து அடைச்சு குடும்பமே நடத்திடுச்சு!!

பெட்டியோட பெரிய ப்ளஸ் வாசல் ஓட்டை தான். சரியா 32 மி.மீ, குருவி நுழையும், மைனா நுழைய முடியாது. அடியில தண்ணி வடிய ஓட்டை இருக்கு, உள்ள பெயிண்ட் இல்ல, வெறும் மரம். வாசல்ல உக்கார குச்சி இல்லையேன்னு முதல்ல குறையா நினைச்சேன், ஆனா அது இல்லாதது தான் நல்லது, குச்சி இருந்தா முட்டை குஞ்சு திருட வர்றதுங்களுக்கு தான் வசதி.

குஞ்சு பொரிச்சதும் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி புழு பூச்சியா கொண்டு வந்து ஊட்டுச்சுங்க பாருங்க, அத பாத்த அன்னைக்கே செடிக்கு பூச்சி மருந்து அடிக்கிறத நிறுத்திட்டேன், தானியம் தின்ற குருவி கூட குஞ்சுக்கு பூச்சி தான் குடுக்கும்.

மைனஸ்னா மூடி. ஸ்க்ரூ வச்சு இறுக்கியிருக்காங்க, குஞ்சுங்க பறந்து போனப்புறம் பழைய கூட்ட எடுத்து சுத்தம் பண்ண படாத பாடு, ஒரு கீல் வச்சிருக்கலாம். கூட வந்த ஆணியும் துரு பிடிச்சிருச்சு, வேற போட்டேன்.

மாட்டும்போது மதிய வெயில் நேரா அடிக்காத பக்கமா, பூனை ஏற முடியாத உயரத்துல மாட்டுங்க. 5க்கு 4 ஸ்டார்.