தேயிலைத் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதி வாங்குதல்: கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கோத்தகிரி வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். இலை வரவையும் விவசாயிகளுக்கான பட்டுவாடாவையும் பதிவு செய்வதற்கென்று ஒரு மென்பொருளைக் கோயம்புத்தூரிலுள்ள ஒரு நிறுவனத்திடம் எழுதி வாங்கினோம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் அது பார்த்துவிட்டதால், அந்தச் சேவையைப் பற்றிப் பொறுப்புடன் எழுத இப்போது முடிகிறது. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிரல் எழுதும் திறமை கோவையில் தாராளமாகக் கிடைக்கிறது; விலை சொல்வதற்கு முன் எவ்வளவு கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், வேலை முடிந்தபின் எதையெல்லாம் நம் கையில் ஒப்படைக்கிறார்கள் என்ற இரண்டில்தான் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன.

எங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பதை விளக்கினால்தான் மற்றவை புரியும். தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டத்துக்கான பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் விற்ற விலையை அடிப்படையாகக் கொண்டு, விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீட்டு முறையில் அது கணக்கிடப்படுகிறது. அறிவிப்பு வருவதற்கு முன் விவசாயிகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வந்தபின் வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கு முடிப்பது எங்கள் வழக்கம். இதற்கிடையில் சாக்கு எடைக் கழிவு, மழைநாளில் ஈர எடைக் கழிவு, உரத்துக்குப் பிடித்தம், முன்பணப் பிடித்தம் என்று ஒவ்வொருவர் கணக்கிலும் பல வரிகள் ஏறும். டாலி போன்ற ஆயத்த மென்பொருள் பேரேட்டையும் வரிக் கணக்கையும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) எடை மேடையில் மாலை நேரத்தில் நடப்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, எவரையும் அணுகுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எழுதி வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது. ஊட்டியிலோ குன்னூரிலோ விடுதி நடத்துபவருக்கு அறை முன்பதிவுக்கான ஆயத்த மென்பொருள்கள் மாதக் கட்டணத்துக்கே கிடைக்கின்றன; பெரும்பாலும் அவருக்கு அவை போதும். நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனம், கணக்குப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டாம், டாலியிலேயே இருக்கட்டும், இலைப் பதிவை மட்டும் எழுதி மாத முடிவில் அதனோடு இணைத்துவிடலாம் என்று தானாகவே சொன்னது. தனக்கு வரவேண்டிய வேலையில் பாதியை வேண்டாமென்று சொன்ன அந்த ஆலோசனைக்காகவே அவர்கள்மேல் மதிப்பு உண்டாயிற்று.

அவர்களுக்கு முன் பேசிய நிறுவனங்களில் ஒன்று, தொலைபேசியில் பேசி முடித்த அன்றே விலைப்புள்ளியை அனுப்பிவிட்டது. அழகான திரைப் படங்களும் அதில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனமோ ஓர் ஊழியரைக் கோத்தகிரிக்கு அனுப்பி, மழையில் எடை போடும் இடத்திலேயே நின்று பார்க்கச் சொன்னது. அவர் கேட்ட கேள்விகளை இங்கே குறிப்பிடுவது பயன்படும் என்று நினைக்கிறேன். ஒரே ஹட்டியில் ஒரே பெயரில் போஜன்கள், மாதன்கள் பலர் இருந்தால் எடை போடுபவர் எப்படிப் பிரித்தறிகிறார்? தந்தை எடுத்த இலையை மகன் கொண்டுவந்தால் யார் கணக்கில் ஏறும்? முற்றிய இலை என்று திருப்பி அனுப்பியதைப் பதிவு செய்ய வேண்டுமா? எழுதிய எடையை யார் திருத்தலாம், திருத்தினால் பழைய எண் எங்கே இருக்கும்? கடைசிக் கேள்வி என்னை மிகவும் கவர்ந்தது. விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள நம்பிக்கை முழுவதும் அந்த எடைச் சீட்டில்தான் இருக்கிறது; திருத்தியவர் பெயரும் நேரமும் அழியாமல் நிற்கும் ஒரு பதிவேடு, வேறெந்த வசதியையும்விட எங்களுக்கு முக்கியம். விலைப்புள்ளி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் செய்யப்போவதும் செய்யாததும் அதில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தன. செய்யாதவற்றின் பட்டியல் இல்லாத விலைப்புள்ளியில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிற்பாடு வரும் தகராறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இனி, மென்பொருள் எப்படி உழைத்தது என்பது. எங்கள் எடை மேடைகள் பலவற்றில் கைபேசிச் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. எனவே பதிவு முழுவதும் முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைக்குமிடத்துக்கு வந்தபின் சர்வருக்குச் செல்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் கைபேசியிலேயே தனி எண் உருவாகிவிடுவதால், பாதியில் சிக்னல் அறுந்து மறுபடி அனுப்பப்பட்டாலும் ஒரே எடை இரண்டு முறை ஏறுவதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போன நாட்களிலும் இந்தப் பகுதி ஒருமுறைகூட எங்களைக் கைவிடவில்லை. மலையில் இயங்கப்போகும் மென்பொருளை யாரிடம் ஒப்படைத்தாலும், கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஒரு நாள் வேலை முழுவதையும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிறவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

குறை வந்தது தமிழ்ச் சீட்டில். எடை மேடையில் சீட்டு அடிக்கும் சிறிய வெப்ப அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்தைச் சேர்த்து அமைக்கும் ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் அச்சில் முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத அச்சுப்பொறி கட்டங்களையோ குழப்பமான கோடுகளையோ அடித்துத் தள்ளும். இதற்குள்ள வழி, சீட்டைக் கைபேசியிலேயே படமாக மாற்றி அச்சுப்பொறிக்கு அனுப்புவது. எங்கள் நிறுவனம் இதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லை. தொடக்க வாரங்களில் ஆங்கிலச் சீட்டுகளையே கொடுக்க வேண்டியதாயிற்று. தங்கள் பெயரையே வாசிக்க முடியாத சீட்டைக் கையில் வாங்கிய மூத்த விவசாயிகளின் மனத்தாங்கல் நியாயமானது. பின்னர் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் படமாக அச்சிடுவதால் ஒவ்வொரு சீட்டும் சற்று மெதுவாகவே வெளிவருகிறது. குறுஞ்செய்தியிலும் இதைப் போன்ற ஒரு செலவு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைத் தாங்கும்; தமிழில் 70 குறிகளைத்தான் தாங்கும், அதிலும் ‘கொ’ என்பது இரண்டு குறிகளாகக் கணக்காகும். எடை, கழிவு, நிகரம் என்று மூன்று வரி எழுதினால் இரண்டு செய்திகளுக்கான கட்டணம் ஆகிவிடும். தமிழில் வேலை செய்யும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், திரையில் மட்டுமா, அச்சிலும் குறுஞ்செய்தியிலுமா, பெயர்களை அகர வரிசைப்படுத்துவதிலுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உங்களிடமுள்ள அதே அச்சுப்பொறியில் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் கொடுத்தவருக்கே மென்பொருள் சொந்தம் என்று இங்கே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரல், மாறாக ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளிக்குச் சேரும் என்கிறது 17ஆம் பிரிவு. ஆனால் வெளி நிறுவனம் நமக்கு ஊழியர் ஆகாது. அதன் ஊழியர்கள் எழுதியது அந்த நிறுவனத்துக்கே சேரும். அது நம்மிடம் வர வேண்டுமானால் எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டு உரிமை மாற்றிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும்போதும் 19ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும்: காலம் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை 5 ஆண்டுகளுக்கு மட்டுமே, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே, மாற்றிக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகிவிடும். எங்கள் வழக்கறிஞர் இந்த மூன்றையும் தனித்தனி வரிகளாக எழுதச் செய்தார். நிறுவனம் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பொதுவான நிரல் துண்டுகளுக்கு உரிமை தர மறுத்து, நிரந்தரமாகப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் தந்தது. அது முறையானதே என்று ஏற்றுக்கொண்டோம்.

காகிதத்தில் உரிமை இருந்தும் சாவி அவர்களிடமே இருந்தால் பயனில்லை. மூல நிரல் வைக்கப்படும் கிட் கணக்கு, சர்வர் கணக்கு, இணைய முகவரி ஆகிய அனைத்தும் தொழிற்சாலையின் பெயரிலும் தொழிற்சாலையின் மின்னஞ்சலிலும் தொடங்கப்பட வேண்டும். பிளே ஸ்டோர் கணக்குக்கான பதிவுக் கட்டணம் ஒருமுறை செலுத்தும் 25 டாலர்தான். அதை மிச்சப்படுத்துவதற்காக நிறுவனத்தின் கணக்கிலேயே செயலியை வெளியிட ஒப்புக்கொள்ள வேண்டாம். குறுஞ்செய்திக்கும் அப்படித்தான்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, செய்தி அனுப்புபவர் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் தம் பெயரையும் செய்தி மாதிரிகளையும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அவர்களை விட்டு விலகும் நாளில் செய்திகளும் நின்றுவிடும். இவை அனைத்தையும் எங்கள் பெயரில் தொடங்க இந்த நிறுவனம் எந்த மறுப்பும் சொல்லவில்லை. இதன் அருமை பின்னால் தெரிந்தது. எங்கள் வேலையைப் பார்த்துவந்த முதன்மை நிரலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கிட் கணக்கிலிருந்த குறிப்புகளைப் படித்தே வேலையைத் தொடர்ந்தார். ஆனாலும் அந்த மாறுதல் காலத்தில் சிறிய திருத்தங்கள்கூட மிகவும் தாமதமாயின. அதைப் பற்றி அவர்களாக எங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்காதது வருத்தமளித்தது. முக்கியமான ஆள் மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், ஒப்படைப்புக்குக் கால அவகாசம் வேண்டும் என்று ஒரு விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது.

விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களும் கைபேசி எண்களும் இதில் இருப்பதால் தரவுப் பாதுகாப்பையும் பேசியாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்காகச் சேகரிப்பது என்று தீர்மானிப்பவரையே பொறுப்பாளியாக்குகிறது. வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. எனவே நிரலாளர்கள் சோதனைக்கு உண்மையான விவசாயிகளின் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்கினோம். தரவு நகல் தினமும் எடுக்கப்படுகிறது என்ற உறுதிமொழியோடு நின்றுவிடாமல், அந்த நகலிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டச் சொன்னோம், காட்டினார்கள்.

பணம் கொடுத்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பணத்தைச் சிறிதாக வைத்து, மீதத்தைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கட்டங்களோடு இணைத்தோம். ஒரு மாதம் பழைய நோட்டுக் கணக்கும் மென்பொருள் கணக்கும் இணையாக ஓடி, ஒவ்வொரு விவசாயியின் நிகரத் தொகையும் ஒத்துப்போன பிறகே பெரிய தவணை கொடுக்கப்பட்டது. விலைப்புள்ளியில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதை முதலிலேயே கேட்பது அவசியம். பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் தனி; ஆண்ட்ராய்டு புதிய பதிப்புகளுக்கு ஏற்பக் கூகுள் ஆண்டுதோறும் கேட்கும் மாற்றங்கள் அதற்குள் அடங்குமா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. ஆகவே நடுவர் மன்றம் எங்கே அமையும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பெங்களூரு என்று அச்சிட்டிருந்ததைக் கோயம்புத்தூர் என்று மாற்றச் சொன்னோம், உடனே ஒப்புக்கொண்டார்கள்.

மொத்தத்தில், இந்த நிறுவனத்தின் ஆய்வும் ஒப்படைப்பும் சிறப்பானவை, தமிழ் அச்சில் முன்னேற்பாடு போதாது, ஆள் மாறியபோது தகவல் சொன்னவிதம் சரியில்லை என்பது என் மதிப்பீடு. எடை இயந்திரத்திலிருந்து எண் நேரடியாகக் கைபேசிக்கு வரும்படி இணைக்கும் அடுத்த பணியையும் அவர்களிடமே கொடுத்திருக்கிறோம். இம்முறை ஒரே ஓர் எடை மேடையில், எங்கள் அச்சுப்பொறியோடும் முத்திரையிட்ட எங்கள் தராசோடும் சோதித்து முடித்த பிறகே மற்ற மேடைகளுக்கான விலையைப் பேசுவது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்.