மூன்று வருடம், ஒரு மார்புப் பட்டை, ஒரு தப்புக் கணக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் என் இதயத் துடிப்புப் பட்டையை இரவல் வாங்கிப் போனார். இரண்டாம் நாளே போன். "இது ரிப்பேரா? உங்களுக்கு 38 காட்டுது, எனக்கு 12தான் வருது."

ரிப்பேர் இல்லை. சைக்கிளில் ஒரு வேகச் சுற்று முடிந்து மிதிப்பதைத் தளர்த்தியதும், முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு எத்தனை குறைகிறது என்பதுதான் அந்த எண். மூன்று வருடத்தில் இந்தப் பட்டையிடம் எனக்குப் பிடித்துப்போன ஒரே விஷயமும் அதுதான்.

பிடிக்காததை முதலில் கொட்டிவிடுகிறேன். பட்டைமேல் குறையில்லை. கட்டும் முன் நனைக்காவிட்டால் ஐந்து நிமிடம் உளறும், அவ்வளவுதான். கோபமெல்லாம் அதன் ஆப் மீது. வாங்கியபோது எனக்கு 43 வயது. 220இல் வயதைக் கழித்து, உன் உச்சத் துடிப்பு 177 என்று அது முடிவுகட்டியது. நானோ 188 வரை போகிறவன். இந்தக் கழித்தல் கணக்கு ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்பின் போவது சகஜம். 2001இல் டனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறொரு கணக்கு கொடுத்தார்கள்: 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும். அதன்படி எனக்கு 178. ஒரே ஒரு துடிப்பு கருணை! சரி என்று கையாலேயே 188 என்று திருத்தி வைத்தேன். பிறந்தநாள் வந்தது, சத்தமில்லாமல் 176 ஆக்கிவிட்டது. மூன்று பிறந்தநாளாக இதே பரிசு. நான் நிதானமாக மிதித்துக்கொண்டிருக்கும்போதே திரை சிவந்து அலறும்.

பயிற்சி செய்யச் செய்ய உச்சத் துடிப்பு ஏறும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். ஏறாது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவுதான் கூடும். என் பயிற்சி நான்கு நிமிட வேகம், மூன்று நிமிட தளர்வு, இப்படி நான்கு சுற்று. முதல் மாதம் 150 வாட்டில் (வாட் என்பது மிதிக்கும் வலுவின் அளவு) முதல் சுற்று முடியும்போதே 181. தளர்வின் முதல் நிமிடத்தில் 16 இறங்கும். இரண்டு சுற்றோடு சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவேன். இப்போது அதே 150 வாட்டில் 156. பழையபடி 180ஐத் தாண்ட 200 வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குவது அன்றுபோலத்தான், எரிச்சலும் அப்படியே. ஆனால் தளர்வில் 38 இறங்குகிறது.

நண்பருக்குப் புரியவைக்க வேண்டியிருந்ததும் இந்தத் தளர்வு நேரத்தைத்தான். என் மூன்று நிமிடமும் அவர் மூன்று நிமிடமும் ஒன்றல்ல. வேகச் சுற்றில் தசை அவசரத்துக்குச் செலவழிக்கும் ஆற்றல் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். பழகிய தசையில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதிகம் என்பதால் அது சீக்கிரம் நிரம்பும், கடும் உழைப்பில் தசையில் சேரும் லாக்டேட்டும் சீக்கிரம் வெளியேறும். அடுத்த சுற்று தொடங்கும்போது ஆக்சிஜன் பயன்பாடும் விரைவாகவே மேலேறிவிடும். பழகாத உடலில் அது ஏறுவதற்குள் ஆக்சிஜன் கடன் கூடிவிடுகிறது. அதனால்தான் என்னுடைய அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு 120 வாட்டில் மிதித்தபோதும் மூன்றாவது சுற்றில் அவர் கால் மரத்துப்போனது. தாளில் இருப்பது ஒரே பயிற்சிதான், அவர் வாங்கிய அடி வேறு.

12 என்றதும் அவர் பயந்ததற்கும் காரணம் உண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்குவதைத்தான் கவலைக்குரிய எல்லையாக வைத்தது. ஆனால் அது டிரெட்மில் சோதனை முடிந்து மெதுவாக நடந்தபடியே அளந்தது. சைக்கிளில் வரும் எண்ணோடு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் டாக்டரிடம் போகச் சொன்னேன், போய்வந்தார். ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடமாக மாடிப்படிகூட ஏறாத உடம்பு, அதுதான் வியாதி.

நானும் பெரிய ஆளில்லை. போன வருடம் காய்ச்சலில் ஐந்து வாரம் விட்டுவிட்டு வந்தபோது அதே 150 வாட்டுக்கு 171 காட்டியது. பயிற்சி நின்றால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, இரண்டு வாரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும். அன்று இந்தப் பட்டையைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

இன்னொன்று. 20, 30 விநாடி முழு வேக ஓட்டங்களுக்கு இது உதவாது. துடிப்பு ஏறி முடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும்.

ஆக, வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: வேண்டாம். முதல் இரண்டு மாதம் வேகத்தைக் குறைத்து, தளர்வை நீட்டி, அடுத்த சுற்றுக்கு முன் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஆப்போடு மல்லுக்கட்ட ஒரு ஆள் போதும். அப்புறம், வியாழக்கிழமைக்குள் என் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு 40 இறங்குமா என்று பார்க்க வேண்டும்.