நாயகனின் சாவா, துரோகமா: எது கூடச் சுடும்?

1992 நவம்பரில் படக்கதையில் சூப்பர்மேனைக் கொன்றார்கள். கறுப்புத் துக்கப்பட்டியோடு வந்த இதழுக்கு வாசகர்கள் கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். 2016 மேயில் படக்கதை நாயகன் கேப்டன் அமெரிக்காவை, அவன் எதிர்த்துப் போராடிய கொடிய அமைப்பான ஹைட்ராவை வாழ்த்தி 'ஹெயில் ஹைட்ரா' சொல்ல வைத்தபோது கொதித்தார்கள். நியாயமான கோபம். 1941இல் முதல் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்தியவன் அவன். படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள்.

கிளிநொச்சி வீட்டுத் திண்ணையில் தம்பி அந்த 'ஹெயில் ஹைட்ரா' இதழின் கடைசிப் பக்கத்தைக் கைபேசியில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். கூட்டாளியை விமானத்திலிருந்து தள்ளிவிட்டவனின் அமைதியான முகம்.

"செத்தவன் திரும்பி வருவான் அண்ணை. இவனை இனி எப்பிடி நம்புறது?"

எனக்கும் துரோகம்தான் கூடச் சுட்டது. சூப்பர்மேன் 1993இலேயே எழும்பிவிட்டான். கேப்டனின் நினைவுகளைக் காஸ்மிக் கியூப் என்ற, உண்மையையே மாற்றவல்ல கற்பனைச் சக்தி மாற்றியதென்று அடுத்த இதழிலேயே விளக்கினார்கள். தம்பிக்கு இன்னும் ஆறவில்லை.